திரையும் சிப்பும் செய்யும் சிறு கம்பெனிகள்: பங்கு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

திரைத் தொழில்நுட்பத்திலோ சிப் தொழில்நுட்பத்திலோ ஒரு சிறு கம்பெனி புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி வந்தால், புதிய முதலீட்டாளர் முதலில் கேட்பது "இது சாம்சங்கை ஜெயிக்குமா?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு பங்கு வாங்கினால் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்ள நேரும். காரணம், இந்தத் தொழிலில் பெரிய போட்டியாளரே பல சமயம் பெரிய வாடிக்கையாளராகவும் இருக்கிறார். சாம்சங், எல்ஜி, ஆப்பிள் போன்றவை சிறு கம்பெனியிடம் பொருளை வாங்கும். அதே பொருளைத் தாங்களே செய்துகொள்ள முடியுமா என்று தங்கள் ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டும் இருக்கும். ஆகவே கேட்க வேண்டியவை வேறு. இந்தச் சிறு கம்பெனி இல்லாவிட்டால் பெரியவருக்கு என்ன நட்டம்? அவர் எத்தனை வருடம் பொறுத்திருக்க முடியும்? அதுவரை சிறியவர் கையில் காசு இருக்குமா?

இந்த மூன்றுக்கும் விடை பெரும்பாலும் கம்பெனியின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. எங்கே இருக்கிறது, எப்படிப் படிப்பது என்பதை உண்மையான சில கம்பெனிகளை வைத்துப் பார்க்கலாம்.

சங்கிலியில் எந்தக் கண்ணி?

போனில் இருக்கும் ஓஎல்இடி திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒருவர் தருகிறார். ஒளி உமிழும் கரிமப் பொருளை இன்னொருவர் தருகிறார். அந்தப் பொருளை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவைக்கும் இயந்திரத்தை ஜப்பானின் கேனன் டொக்கி போன்றவர்கள் செய்கிறார்கள். பிக்சல்களை இயக்கும் டிரைவர் சிப் வேறொரு கம்பெனியுடையது. இவற்றையெல்லாம் சேர்த்து பேனல் ஆக்குவது சாம்சங் டிஸ்ப்ளே, எல்ஜி டிஸ்ப்ளே, சீனாவின் பிஓஇ போன்ற பெரிய கைகள். 2023 ஏப்ரலில் சாம்சங் டிஸ்ப்ளே 8.6 தலைமுறை ஓஎல்இடி வரிசை ஒன்றுக்காக மட்டும் 4.1 லட்சம் கோடி வொன் போடுவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் 300 கோடி டாலருக்கு மேல். 10 கோடி டாலர் சந்தை மதிப்புள்ள ஒரு கம்பெனி பேனல் செய்து இவர்களோடு மோதப்போகிறேன் என்று சொன்னால், அதன் தொழில்நுட்பம் எத்தனை நல்லதாக இருந்தாலும் கணக்கு ஒத்துவராது.

சிறு கம்பெனிகள் பொதுவாக நான்கு இடங்களில் நிற்கின்றன. காப்புரிமையையோ சிப் வடிவமைப்பையோ உரிமத் தொகைக்கு விடுபவை முதல் வகை. இவற்றுக்குத் தொழிற்சாலைச் செலவு இல்லை; மொத்த லாப விகிதம் 80, 90 சதவீதம்கூடப் போகும். அடுத்தது, பெரியவரின் தொழிற்சாலைக்குள் போகும் பொருளையோ பாகத்தையோ விற்பவை. மூன்றாவது வகை சிப்பை வடிவமைத்து டிஎஸ்எம்சி போன்ற ஃபேபில், அதாவது மற்றவர்களுக்காகச் சிப் செய்துதரும் தொழிற்சாலையில், செய்து வாங்கி விற்கிறது. தட்டுப்பாடு வந்தால் ஃபேபில் வரிசையின் கடைசியில் நிற்பது இவர்கள்தான். 2021இல் இப்படிப் பலர் இடம் பிடிக்க நீண்டகால ஒப்பந்தம் போட்டு முன்பணம் கட்டினார்கள். 2022இல் டிவி, லேப்டாப் விற்பனை படுத்ததும் கிடங்கில் சரக்கு தேங்கியது. நான்காவது, சொந்தமாகத் தொழிற்சாலை வைத்திருப்பவை. சிறு முதலீட்டாளருக்கு ஆபத்து மிகுந்தது இதுதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானம், மின்சாரம், சம்பளம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆண்டறிக்கையைத் திறந்ததும் கம்பெனி இந்த நான்கில் எது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் வாங்கும் நேரம் வரவில்லை. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறப்போவதாகக் கம்பெனி சொன்னால் இரட்டிப்புக் கவனம் தேவை.

நன்றாகப் போன ஒரு கதை: யுனிவர்சல் டிஸ்ப்ளே

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் கம்பெனி இது; தொடங்கியது 1994இல். பிரின்ஸ்டன், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வின் உரிமைகளை வாங்கி வளர்ந்தது. அந்த ஆய்வின் சாரத்தைப் புரிந்துகொண்டால் பங்கும் புரியும். ஓஎல்இடியில் மின்சாரம் பாயும்போது உருவாகும் ஆற்றல் பொதிகளில் நான்கில் ஒன்றுதான் சாதாரண ஒளிரும் பொருளில் ஒளியாக மாறும்; மீதி மூன்று வெப்பமாகப் போய்விடும். இரிடியம் போன்ற கன உலோகத்தைச் சேர்த்த பாஸ்பரசன்ஸ் பொருளில் நான்கையும் ஒளியாக்க முடியும். அதாவது உள்ளளவில் 25 சதவீதமாக இருந்த திறன் 100 சதவீதத்தை எட்ட முடியும். போன் பேட்டரியைக் காப்பாற்ற நினைக்கும் எந்தப் பேனல் கம்பெனியும் இதை ஒதுக்கிவிட முடியாது. "இல்லாவிட்டால் என்ன நட்டம்" என்ற கேள்விக்கு இங்கே எண்ணால் பதில் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்து முதல் லாபம் வந்தது 2011இல். தொடங்கி 17 வருடம் கழித்து! அதே வருடம்தான் சாம்சங்குடன் பெரிய உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவரை கம்பெனி பிழைத்ததற்குக் காரணம், தொழிற்சாலை கட்டாததுதான் என்பது என் கருத்து. பொருளை உற்பத்தி செய்து தர பிபிஜி என்ற பெரிய பெயின்ட், ரசாயனக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, தானே ஆய்வையும் காப்புரிமையையும் மட்டும் பிடித்துக்கொண்டது.

காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். 1990களில் விண்ணப்பித்த அடிப்படைக் காப்புரிமைகள் 2017ஐ ஒட்டிக் காலாவதியாகத் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "அதோடு கதை முடிந்தது" என்று பங்கை விற்றவர்கள் உண்டு. கம்பெனி அதற்குள் சும்மா இருக்கவில்லை. 2012இல் ஃபியூஜிஃபிலிமிடமிருந்து சுமார் 1,200 ஓஎல்இடி காப்புரிமைகளை 10.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல் பிஏஎஸ்எஃப்பின் காப்புரிமைகளையும் 2023இல் ஜெர்மனியின் மெர்க்கிடமிருந்து 550க்கு மேற்பட்டவற்றையும் வாங்கியது. கூடவே, வாடிக்கையாளர் திரைக்கு ஏற்ப பொருளின் கலவையை மாற்றிக்கொண்டே இருந்தது. ஒரு திரையை ஒரு பொருளை வைத்துச் சரிசெய்தபின் அதை மாற்றினால் நிறம், ஆயுள் என எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். காப்புரிமையைப் போலவே அந்தச் சோதனைச் செலவும் ஒரு வேலிதான்.

இவ்வளவு நன்றாக நிற்கும் கம்பெனியிலும் வருமானம் நேர்கோட்டில் ஏறவில்லை. 2017இல் 33.6 கோடி டாலர்; 2018இல் 24.7 கோடி. நான்கில் ஒரு பங்கு காணாமல் போனது. வாடிக்கையாளர்கள் 2017இல் அதிகமாக வாங்கி இருப்பு வைத்துவிட்டு அடுத்த வருடம் வாங்குவதைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். 2019இல் 40.5 கோடியாக ஏறியது. வருமானத்தின் பெரும்பகுதி மூன்று பேனல் கம்பெனிகளிடமிருந்து வரும்போது, அவர்களில் ஒருவர் கிடங்கைக் காலி செய்ய முடிவெடுத்தாலே நம் பங்கு ஆட்டம் காணும். தொழில்நுட்பம் கெட்டுப்போனதா, கிடங்கு நிரம்பியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்த இடத்தில் பயந்து விற்பார்.

இன்னொன்று, தள்ளிப்போகும் தேதிகள். போன் திரைகளில் சிவப்பும் பச்சையும் பாஸ்பரசன்ஸ் பொருளுக்கு மாறி வருடங்கள் ஆகின்றன. நீலம் மட்டும் பழைய முறையிலேயே நிற்கிறது. நீல ஒளியின் ஆற்றல் அதிகம் என்பதால் பொருள் சீக்கிரம் சிதைகிறது. நீலப் பொருளை 2024இல் வணிகத்துக்குக் கொண்டுவருவோம் என்று கம்பெனி 2022இல் சொன்னது. அந்தத் தேதி தவறியது. 2025 மே மாதம் எல்ஜி டிஸ்ப்ளே, இவர்களோடு சேர்ந்து செய்த நீல பாஸ்பரசன்ஸ் பேனலை உற்பத்தி வரிசையில் சரிபார்த்ததாக அறிவித்தது. வேறு வருமானம் உள்ள கம்பெனி தேதி தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு பொருளையே நம்பியிருக்கும் கம்பெனியில் இதே தாமதம் நடந்திருந்தால் புதிய பங்குகளை விற்றுத்தான் காலம் தள்ளியிருக்கும்.

ஒப்பந்தம் என்றதும் மகிழக்கூடாத கதை: ஜிடி அட்வான்ஸ்டு

நியூ ஹாம்ப்ஷயரின் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸ், நீலக்கல் படிகம் வளர்க்கும் உலைகளை விற்று வந்தது. கீறல் விழாத போன் திரைக்கு நீலக்கல் நல்ல பொருள். 2013 அக்டோபர் இறுதியில் ஆப்பிளுடன் ஒப்பந்தம், ஆப்பிள் 57.8 கோடி டாலர் முன்பணம் தரும். பங்கு பறந்தது. 2014 கோடையில் விலை 20 டாலர்வரை போனது.

அந்த ஒப்பந்தத்தின் முக்கிய வரிகள் 2013 நவம்பரிலேயே கம்பெனியின் அறிக்கையில் வெளிவந்திருந்தன. ஜிடி குறிப்பிட்ட உற்பத்தித் திறனைத் தயாராக வைத்திருக்க வேண்டும்; ஆனால் ஆப்பிள் குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்பணம் என்பதும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தான். 2015 முதல் ஐந்து வருடத்தில் கழிக்க வேண்டும். உலை விற்று வந்த கம்பெனி ஒரே நாளில் தானே படிகம் வளர்க்கும் தொழிற்சாலைக் கம்பெனி ஆனது. அதாவது இரண்டாம் வகையிலிருந்து நான்காம் வகைக்குப் போனது.

அரிசோனாவின் மேசா நகரில் 2,000க்கு மேற்பட்ட உலைகள் வைத்தார்கள். இலக்கு 262 கிலோ எடையுள்ள ஒற்றைப் படிகம். ஒரு படிகம் வளர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அது முடிந்து வெட்டிப் பார்க்கும்போதுதான் உள்ளே விரிசலா, குமிழியா என்று தெரியும். விளைச்சல், அதாவது செய்ததில் நல்லதாகத் தேறும் பங்கு, எதிர்பார்த்தபடி வரவில்லை. கடைசித் தவணையான 13.9 கோடி டாலரை ஆப்பிள் நிறுத்திவைத்தது. 2014 செப்டம்பர் 9 அன்று அறிமுகமான ஐபோன் 6இல் நீலக்கல் திரை இல்லை. அக்டோபர் 6 அன்று ஜிடி திவால் பாதுகாப்புக் கேட்டு மனு போட்டது. அன்று ஒரே நாளில் பங்கு சுமார் 11 டாலரிலிருந்து ஒரு டாலருக்குக் கீழே விழுந்தது.

ஒப்பந்தச் செய்தி வரும்போதெல்லாம் இந்த நான்கைத் தேடுங்கள்: குறைந்தபட்சக் கொள்முதல் அளவு எழுத்தில் இருக்கிறதா, இயந்திரச் செலவு யாருடையது, முன்பணம் கடனா வருமானமா, மற்றவர்களுக்கு விற்கத் தடை உண்டா. முதலாவது இல்லாமல் நான்காவது மட்டும் இருந்தால் ஆபத்து முழுவதும் சிறு கம்பெனியின் தலையில்தான்.

தொழிற்சாலையே இல்லாத கம்பெனிக்கும் ஒற்றை வாடிக்கையாளர் ஆபத்து உண்டு. இங்கிலாந்தின் இமேஜினேஷன் டெக்னாலஜீஸ், ஐபோனின் கிராபிக்ஸ் வடிவமைப்பைத் தந்துவந்தது. வருமானத்தில் பாதிக்குமேல் ஆப்பிளிடமிருந்து வந்தது. 2017 ஏப்ரல் 3 அன்று, 15 மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் இவர்கள் வடிவமைப்பைப் புதிய பொருள்களில் பயன்படுத்தப்போவதில்லை என்று ஆப்பிள் சொல்லிவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. பங்கு அன்றே 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதே வருடம் கம்பெனி 55 கோடி பவுண்டுக்கு கேன்யன் பிரிட்ஜ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது.

கையில் எத்தனை மாதக் காசு?

லாபம் பார்க்காத சிறு கம்பெனியில் மற்ற எதையும்விட முதலில் போட வேண்டிய கணக்கு இது. பணவரவு-செலவு அறிக்கையில் இரண்டு வரிகளை எடுங்கள்: நடைமுறைச் செயல்பாட்டில் வெளியே போன பணம், இயந்திரம், கட்டடத்துக்குப் போன பணம். இரண்டையும் கூட்டி, கையிருப்பு ரொக்கத்தையும் குறுகியகால முதலீட்டையும் அதால் வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கையில் 2.4 கோடி டாலர். காலாண்டுக்குச் செயல்பாட்டில் 50 லட்சம், இயந்திரத்துக்கு 10 லட்சம் போகிறது. 2.4 கோடியை 60 லட்சத்தால் வகுத்தால் நான்கு காலாண்டு, ஒரு வருடம். ஆனால் எந்த நிர்வாகமும் கடைசி டாலர் வரை காத்திருக்காது. இன்னும் ஆறு மாதத்துக்குள் புதிய பங்கு விற்கப் போவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றால் நமக்கு என்ன ஆகும்? கம்பெனியில் 4 கோடி பங்குகள், விலை 1.50 டாலர். உங்களிடம் 4 லட்சம் பங்கு, அதாவது 1 சதவீதம். கம்பெனிக்கு 2 கோடி டாலர் தேவை. சந்தை விலைக்கு 20 சதவீதம் குறைத்து 1.20க்கு விற்கிறது. 1.67 கோடி புதிய பங்குகள் வருகின்றன. உங்கள் பங்கு 0.71 சதவீதமாகிறது. வாங்குபவர்களை இழுக்க ஒவ்வொரு பங்கோடும் ஒரு வாரண்ட் கொடுத்திருந்தால், அதாவது பின்னால் குறித்த விலையில் இன்னொரு பங்கு வாங்கும் உரிமை, அவை எல்லாம் பங்காக மாறும்போது உங்களுடையது 0.55 சதவீதம்தான். தொழில்நுட்பம் அப்படியேதான் இருக்கிறது. அதில் உங்கள் உரிமை மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்த கம்பெனி கடைசியில் ஜெயித்தாலும், பழைய பங்குதாரருக்கு மிஞ்சுவது சொற்பம்.

அமெரிக்காவில் லிஸ்ட் ஆன கம்பெனி என்றால் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் எல்லா அறிக்கையும் இலவசம். எஸ்-3 என்ற படிவம் தாக்கலாகியிருந்தால் புதிய பங்கு விற்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 424பி5 வந்தால் பெரும்பாலும் விற்கத் தொடங்கிவிட்டார்கள். பங்கு நாஸ்டாக்கில் தொடர்ந்து 30 வேலை நாள் ஒரு டாலருக்குக் கீழே முடிந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். சரிசெய்ய 180 நாள் தருவார்கள். பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்த்து விலையை உயர்த்திக் காட்டும் 'ரிவர்ஸ் ஸ்ப்ளிட்' பெரும்பாலும் அப்போதுதான் வரும். அதனால் கம்பெனியின் மதிப்பு ஒரு காசு கூடுவதில்லை. புதிய பங்கு விற்க மறுபடி இடம் கிடைக்கிறது, அவ்வளவே.

செய்திக்குறிப்பில் வரும் வார்த்தைகள்

மாதிரி அனுப்பினோம், வாடிக்கையாளர் சோதிக்கிறார், 'டிசைன் வின்' கிடைத்தது, சோதனை உற்பத்தி, முழு உற்பத்தி: இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு படிகள். போனில் மாதிரியிலிருந்து முழு உற்பத்திக்கு ஒன்றரை வருடம்வரை ஆகலாம். காரில் மூன்று முதல் ஐந்து வருடம். 'டிசைன் வின்' என்றால் வாடிக்கையாளர் தன் வடிவமைப்பில் உங்கள் பாகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். அந்தப் பொருள் விற்குமா, எத்தனை விற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. வாடிக்கையாளர் பெயர் இல்லாமல் "முன்னணி உலக நிறுவனம்" என்று மட்டும் வரும் செய்தியின் மேல் பணம் கட்ட வேண்டாம். டச் சென்சார் செய்துவந்த யுனி-பிக்சல், தன் உற்பத்தி நிலையைப் பற்றி முதலீட்டாளர்களுக்குத் தவறான தோற்றம் தந்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2016இல் குற்றம் சாட்டியது. 2017இல் அது திவாலானது.

ஆய்வகத்தில் ஓடுவது தொழிற்சாலையில் ஏன் ஓடுவதில்லை? விளைச்சல் கணக்கு ஒன்று போதும். ஒரு சிப்புக்கு 500 படிகள். ஒவ்வொரு படியிலும் 99.9 சதவீதம் சரியாக வருகிறது. முடிவில் நல்லதாக நிற்பது 60 சதவீதம்தான். மைக்ரோ எல்இடி இன்னும் கடினம். 4கே திரையில் 3,840க்கு 2,160 பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம்: ஏறக்குறைய 2.49 கோடி நுண்விளக்குகள். அவற்றை வேஃபரிலிருந்து, அதாவது அவை உருவாகும் தகட்டிலிருந்து, எடுத்துத் திரையில் பதிக்கும் வேலையில் 99.99 சதவீதம் வெற்றி என்றாலும் 2,488 புள்ளிகள் செத்துக்கிடக்கும். அதைக் கையால் பழுதுபார்க்கும் செலவே டிவியின் விலையை ஏற்றிவிடும். ஆகவே "99.9 சதவீதம் எட்டிவிட்டோம்" என்று ஒரு கம்பெனி பெருமையாகச் சொன்னால், எந்தப் படியில், எத்தனை புள்ளிகளுக்கு என்று கேட்காமல் விடக்கூடாது.

வருமானத்தில் எவ்வளவு பொருள் விற்ற காசு, எவ்வளவு வாடிக்கையாளர் கொடுத்த ஆய்வுக் கட்டணம் என்றும் பிரித்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டணம் மட்டுமே வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், பெரியவர் உங்களிடம் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார் என்றும் அதைப் படிக்கலாம்.

வழக்கும் விற்பனையும்

"காப்புரிமை இருக்கிறது, வழக்குப் போட்டால் பெருந்தொகை வரும்" என்பது இந்தப் பங்குகளைச் சுற்றி எப்போதும் உலவும் நம்பிக்கை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2001இல் பிரிந்துவந்த நானோகோ, காட்மியம் இல்லாத குவாண்டம் டாட், அதாவது திரையில் நிறம் தரும் நுண்துகள், செய்யும் கம்பெனி. 2020 பிப்ரவரியில் சாம்சங்மேல் டெக்சஸில் வழக்குப் போட்டது. அந்தக் காப்புரிமைகளே செல்லாது என்று சாம்சங் காப்புரிமை வாரியத்தில் வாதாடியது; 2022 மே மாதம் வாரியம் நானோகோவின் காப்புரிமைகளில் இருந்த 47 உரிமைக் கோரிக்கைகளும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைவிடச் சாதகமான தீர்ப்பு கிடைப்பது அரிது. 2023 தொடக்கத்தில் வழக்கு விசாரணையின் வாசலில் 15 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. செய்தி வந்ததும் பங்கு விழுந்தது! சந்தை அதைவிட நிறைய எதிர்பார்த்திருந்தது. வக்கீல் செலவும் வழக்குக்கு நிதி கொடுத்தவரின் பங்கும் அதில் கழிய வேண்டியிருந்தது.

நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) சொல்லும் தொகையைக் கையில் வந்த காசாக எண்ணிவிடக் கூடாது. மெமரி மாட்யூல் கம்பெனி நெட்லிஸ்ட்டுக்கு 2023 ஏப்ரலில் சாம்சங் 30.3 கோடி டாலர் தர வேண்டும் என்று டெக்சஸ் நடுவர் குழு சொன்னது. ஆனால் அந்த வழக்கின் காப்புரிமைகளைக் காப்புரிமை வாரியம் செல்லாது என்று அறிவிக்க, மேல்முறையீடுகள் இழுத்தன. எதிர்த்திசையிலும் அடி விழும். ரேடியோ வடிகட்டி செய்த அகௌஸ்டிஸ் மேல் பெரிய போட்டியாளர் கோர்வோ 2021இல் வழக்குப் போட்டது; 2024 மே மாதம் சுமார் 3.86 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு. அந்த டிசம்பரிலேயே அகௌஸ்டிஸ் திவால் மனு போட்டது.

பெரியவர் நம் கம்பெனியை வாங்கிவிடுவார் என்பது அடுத்த நம்பிக்கை. வாங்குவது உண்மைதான், எந்த விலைக்கு என்பதுதான் விஷயம். பாலிமர் ஓஎல்இடியின் முன்னோடியான கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜி 2004 டிசம்பரில் 12 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. 2007இல் சுமிடோமோ கெமிக்கல் வாங்கியது, பங்குக்கு அதே 12 டாலர். ராணுவத் தலைக்கவசங்களுக்குள் வைக்கும் நுண்திரை செய்த இமேஜின் கம்பெனியை 2023இல் சாம்சங் டிஸ்ப்ளே வாங்கியது. மொத்தம் சுமார் 21.8 கோடி டாலர், பங்குக்கு 2.08 டாலர். 2021இன் உற்சாகத்தில் வாங்கியவர்களுக்கு அது நட்டம். கையில் காசு தீரும் நிலையில் இருக்கும் கம்பெனி பேரம் பேச முடியாது. வாங்குபவருக்கும் அது தெரியும்.

ஆண்டறிக்கையை எந்த வரிசையில் புரட்டுவது

10-கே என்ற ஆண்டறிக்கை 100 பக்கத்துக்குமேல் இருக்கும். முன்னிருந்து படிக்கத் தேவையில்லை. முகப்புப் பக்கத்தில் மொத்தப் பங்கு எண்ணிக்கை இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 30 சதவீதத்துக்குமேல் கூடியிருந்தால் காரணம் தெரியாமல் நகர வேண்டாம். அடுத்து பணவரவு-செலவு அறிக்கை; மேலே சொன்ன மாதக் கணக்கு. பிறகு நிதி அறிக்கையின் குறிப்புகளில் வாடிக்கையாளர் செறிவு. வருமானத்தில் 10 சதவீதமும் அதற்குமேலும் தரும் வாடிக்கையாளர் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஒருவரே 40 சதவீதத்தைத் தாண்டினால், நீங்கள் வாங்குவது உண்மையில் அந்த ஒருவரின் மனநிலையை.

அங்கிருந்து தணிக்கையாளர் அறிக்கைக்குப் போங்கள். "தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம்" என்ற பொருள்படும் பத்தி இருந்தால், புதியவர் அங்கேயே மூடிவைத்துவிடலாம். கடைசியாக ஆபத்துக் காரணிகள் பகுதி. எல்லாக் கம்பெனியும் எல்லா ஆபத்தையும் எழுதிவைக்கும் என்பதால் அதைத் தனியாகப் படித்துப் பயனில்லை. போன வருட அறிக்கையோடு பக்கத்தில் வைத்து, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த வாக்கியம் எது என்று பாருங்கள். நிர்வாகம் செய்திக்குறிப்பில் சொல்லாததை வக்கீல்கள் அங்கே சொல்லவைத்திருப்பார்கள்.

வருமானம் 10 சதவீதம் ஏறி, வரவேண்டிய பாக்கி 50 சதவீதம் ஏறியிருந்தால் காலாண்டு முடிவில் சரக்கைத் தள்ளியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இருப்புச் சரக்கு ஏறி விற்பனை இறங்கினால், அடுத்த சில காலாண்டில் அதைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய நேரலாம்.

எவ்வளவு போடலாம்? இந்த வகைப் பங்கு பூஜ்யத்துக்குப் போக முடியும் என்று வைத்தே தொகையை முடிவு செய்ய வேண்டும். புதியவருக்கு மொத்த முதலீட்டில் ஒரு கம்பெனிக்கு 1 முதல் 2 சதவீதம், இந்த வகை எல்லாம் சேர்த்து 5 சதவீதத்துக்குள் என்பது நான் நியாயமாக நினைக்கும் அளவு. கடன் வாங்கியோ மார்ஜினிலோ (தரகர் தரும் கடனில்) வேண்டவே வேண்டாம். வாங்கும் அன்றே விற்பதற்கான காரணங்களையும் எழுதிவையுங்கள்: முக்கிய வாடிக்கையாளர் போனால், சொன்ன தேதி இரண்டாம் முறை தவறினால், காசு மூன்று காலாண்டுக்குக் கீழே இறங்கினால். விலை இறங்கியது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வர வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து அமெரிக்கப் பங்கு வாங்குபவர் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டியாக வேண்டும். அமெரிக்கச் சந்தை நம் நேரத்துக்கு இரவு 1:30க்கோ, அங்கே குளிர்காலத்தில் 2:30க்கோ மூடும். புதிய பங்கு வெளியீட்டு அறிவிப்புகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு, நாம் தூங்கும்போதுதான் வரும். நாளொன்றுக்குச் சில லட்சம் பங்குகள் மட்டுமே கைமாறும் கம்பெனியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டுவிட்டுப் படுக்காமல், விலையைக் குறித்து லிமிட் ஆர்டர் போடுங்கள்.